இரண்டு முனை, ஒரே ஒயர்: ஆறு வருஷ லேப்டாப்பும் டெபியனும்

அக்கா மகன் இந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருக்கிறான். நான் வைத்திருக்கும் அதே மாடல் லேப்டாப் மூலக்கடை பக்கம் ஒரு கடையில் ஒன்பதாயிரத்துக்கு வந்திருக்கிறதாம். நான் 2019-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியபோது பதினாலாயிரம். "சித்தி, நீ ஆறு வருஷமா லினக்ஸ் போட்டுத்தானே ஓட்டுற, வாங்கட்டுமா?" என்று கேட்டான். வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் போன வாரம் கீபோர்டு மாற்றிக்கொண்டு வந்ததிலிருந்து மூன்று நாள் நான் பட்ட பாடு ஞாபகம் வந்ததால், இரு, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்காக எழுத ஆரம்பித்தது, இதே மாதிரி பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட நினைக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

மாடல் 2016 வாக்கில் வந்தது. ரேமை எட்டு ஜிபி ஆக்கினேன், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், அவ்வளவுதான் செலவு. லினக்ஸில் ஒரு வகையான டெபியன் போட்ட முதல் நாளிலேயே சவுண்டு, கேமரா, பிரைட்னஸ் பட்டன், மூடியை மூடினால் தூங்கி திறந்தால் எழுவது எல்லாம் ஒரு வரி கூட மாற்றாமல் வேலை செய்தன. நான் செய்வது தமிழ் டிடிபியும் மெய்ப்பு பார்ப்பதும். தமிழ்99 தட்டச்சு, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. ம இரண்டு தடவை தட்டினால் புள்ளி தானாக விழும் வசதி, விண்டோஸில் தனியாக ஒரு மென்பொருள் போட்டுப் பழகிய எனக்கு, இங்கே ஒன்றுமே வாங்காமல் கிடைத்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவது முழுக்க ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். வைஃபை.

எங்கள் வீடு சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். வாசல், ஹால், நடுவில் முற்றம், அதைத் தாண்டி நான் வேலை செய்யும் அறை, கடைசியில் சமையலறை. மேலே மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய காலத்துக் கூரை, சுவரெல்லாம் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய தடித்த செங்கல் சுவர். ரவுட்டர் ஹாலில் இருக்கிறது.

2019-ல் டெபியன் 10 போடும்போதே இன்ஸ்டாலர் நிறுத்திக் கேட்டது, வைஃபை சில்லுக்கு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும் என்று. டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது, ஆனால் அந்தச் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் அப்போதெல்லாம் டெபியனின் வழக்கமான நிறுவல் வட்டில் அது வராது. போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் (போனின் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போட்டேன், உடனே இன்டர்நெட் வந்தது, கோப்பை இறக்கினேன், வேலை முடிந்தது. புதிதாகப் போடுகிறவர்கள் இந்த டெதரிங் வழியை மறக்காதீர்கள், எந்த வைஃபை வேலை செய்யாவிட்டாலும் இது பெரும்பாலும் கைகொடுக்கும். இப்போது அந்தத் தொல்லையும் இல்லை. 2022-ல் டெபியன் குழுவினர் வாக்கெடுப்பு நடத்தி ஃபர்ம்வேரையும் நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து அது கூடவே வருகிறது. அந்த முடிவில் சிலருக்கு மனக்கசப்பு இருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கமிருந்து பார்த்தால் அது சரியான முடிவு.

சரி, வைஃபை வந்துவிட்டது. ஹாலில் உட்கார்ந்தால் அருமையாக ஓடியது. என் அறைக்கு வந்தால் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை. வீட்டில் எல்லோரும் சுவரைச் சொன்னார்கள். அந்தக் காலத்துச் சுவர், எதையும் உள்ளே விடாது என்று அப்பாவே சொன்னார். நானும் நம்பினேன். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வாங்கி முற்றத்துத் தூணில் மாட்டினேன், கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது, மழை நாளில் அதையும் கழற்றி வைக்க வேண்டும். டிரைவரின் பவர் சேவிங்கை அணைத்துப் பார்த்தேன், அதனால் அடிக்கடி துண்டிப்பது குறைந்தது, சிக்னல் மட்டும் ஏறவே இல்லை. டெலிவரி நாளில் எண்பது பக்க பிடிஎஃப்பை அனுப்ப லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போவேன். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஒருநாள் லேப்டாப்பின் மேலேயே போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் போனில் சிக்னல் முழுதாக இருக்கிறது, லேப்டாப்பில் ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒரே இடம், ஒரே சுவர். அப்போதுதான் உறைத்தது. போனில் சுற்றுவட்டாரத்து வைஃபைகளை எண்ணினேன், பதினொன்று. லேப்டாப்பில் இரண்டு. எங்கள் ரவுட்டரின் அளவு லேப்டாப்பில் -87 டிபிஎம் காட்டியது, பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு மோசம், -87 என்றால் கிட்டத்தட்ட செவிடு.

காரணம் இதுதான். அந்த வைஃபை கார்டில் ஆன்டெனா மாட்ட இரண்டு முனைகள் இருக்கின்றன. லேப்டாப் தயாரித்தவர்கள் ஒரே ஒரு ஆன்டெனா ஒயரைத்தான் போட்டிருக்கிறார்கள். அது தப்பில்லை, அந்தச் சில்லுக்கு ஒன்று போதும். ஆனால் எந்த முனையில் ஆன்டெனா இருக்கிறது என்று கார்டுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள் இல்லையா, அதில் ஒயர் இல்லாத முனையைக் குறித்துவிட்டார்கள். லினக்ஸ் டிரைவர் அந்தக் குறிப்பை நம்பி வெறும் முனையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் அந்த லேப்டாப்போடு தந்த டிரைவர் சரியான முனையைப் பிடித்துக்கொள்வதால் அங்கே யாருக்கும் இந்தக் கோளாறு தெரியாது. வெளியே அனுப்பும் முன் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஓட்டி இரண்டு அறை தள்ளி நடந்திருந்தால் பிடிபட்டிருக்கும். அதைச் செய்யவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

தீர்வு ஒரே வரி. டிரைவர்களுக்கான அமைப்புகளை வைக்கும் மோட்ப்ரோப் கோப்புறையில் ஒரு சின்ன கோப்பு, அதில் ஆன்ட்_செல் (ant_sel) என்ற அளவுருவுக்கு 1 அல்லது 2 என்று எழுத வேண்டும். 1 போட்டு ரீபூட் செய்தேன், மாற்றமில்லை. 2 போட்டேன். பட்டியலில் பதினான்கு வைஃபை வந்து நின்றது, எதிர் வீட்டு மாடியில் இருப்பதுகூட. எங்கள் ரவுட்டர் -54. நான் என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முற்றத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய் ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு வந்தேன்.

அந்த அளவுருவை 2016-ல் டிரைவரில் சேர்த்தவர் லாரி ஃபிங்கர். இப்படி ஒற்றை ஆன்டெனாவோடு வந்த லேப்டாப்புகளைப் பற்றிப் புகார்கள் வந்தபோது, லேப்டாப்பைத் திறந்து ஒயரை மாற்று என்று சொன்னால் சிலருக்கு வாரன்டி போய்விடும், விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் கெட்டுவிடும் என்று யோசித்து இந்த வழியைச் செய்திருக்கிறார். லினக்ஸின் வைஃபை டிரைவர்களுக்காகப் பல வருஷம் உழைத்த மனிதர், 2024 ஜூனில் காலமானார். அவருக்கு வண்ணாரப்பேட்டையும் தெரியாது, என் அறையும் தெரியாது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கடல் காற்று, எந்த இரும்பும் நிலைக்காது. கீபோர்டில் எச் விசை முதலில் போனது, தமிழ்99-ல் அதுதான் க. க இல்லாமல் தமிழில் ஒரு வரி கூட அடிக்க முடியாது. கொஞ்ச நாள் வெளியே ஒரு யுஎஸ்பி கீபோர்டை மாட்டிச் சமாளித்தேன், அப்புறம் பக்கத்து விசைகளும் சேர்ந்து போகவே மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். இந்த மாடலில் கீபோர்டை மாற்ற மதர்போர்டு வரைக்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அவர் நிதானமாக, நேர்த்தியாகச் செய்து கொடுத்தார், சாயங்காலம் வீடு வந்துவிட்டேன்.

வீட்டில் திறந்தால் பழையபடி ஒரு கோடு. -88.

மூன்று நாள். டெபியன் 13-க்கு மாறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அதனால் முதலில் புதிய கர்னலைச் சந்தேகப்பட்டேன், பழைய கர்னலில் பூட் செய்தும் பார்த்தேன். அப்புறம் கார்டே போய்விட்டது என்று நினைத்தேன், அப்புறம் ஒயர் அறுந்திருக்கும் என்று. ரிப்பீட்டரைத் தேடி எடுத்துத் தூசி தட்டி மறுபடி தூணில் மாட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி கடைசியாக அந்தக் கோப்பைத் திறந்து என்னைக் காப்பாற்றிய அந்த ஒரு வரியின் முன்னால் # போட்டு, அதாவது அந்த வரியைச் செல்லாமல் ஆக்கி, ரீபூட் செய்தேன். -53. கடைக்காரரைக் கேட்டேன். "ஆமாம்மா, ஒயரைக் கழட்டித்தான் மாட்டினேன், ரெண்டு முனை இருந்துச்சு, ஒண்ணுல போட்டேன்" என்றார். அவர் மேல் துளியும் குறை இல்லை. தொழிற்சாலையில் குறிப்புக்கு மாறாகப் போட்ட ஒயரை அவர் அறியாமலேயே குறிப்பில் இருந்த முனையில் மாட்டிவிட்டார், அதனால் நான் எழுதிய வரிதான் இப்போது தவறான முனையைக் காட்டிக்கொண்டிருந்தது. கார்டில் எழுதியிருந்த குறிப்பும் ஒயரும் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒத்துப்போயின.

ஆக, இந்த லேப்டாப்பைத் திறந்து வேலை செய்யக் கொடுப்பவர்கள், கழற்றும் முன் அந்த ஆன்டெனா ஒயர் எந்த முனையில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விண்டோஸும் சேர்த்து வைத்திருந்தால் கட்டாயம், ஒயர் இடம் மாறினால் அந்தப் பக்கம் சிக்னல் போய்விடும்.

கார்டையே மாற்றலாமே என்று அக்கா மகன் கேட்பான். மாற்றலாம், நானும் விசாரித்தேன். இன்டெல் ஏஎக்ஸ் 200 என்று கேட்டு வாங்க வேண்டும், 201 என்று கொடுத்தால் வாங்கக் கூடாது, அது அதற்கென்று வந்த புதிய இன்டெல் பிராசஸர்களோடு மட்டும்தான் வேலை செய்யும், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு இரண்டாவது ஆன்டெனா ஒயரும் இழுக்க வேண்டும், சில லேப்டாப்புகளில் தெரியாத கார்டைப் பார்த்தால் லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸே பூட் ஆக விடாது. ஒன்பதாயிரம் ரூபாய் லேப்டாப்புக்கு இவ்வளவு தூரம் போவதா என்று நான் விட்டுவிட்டேன்.

முனையைச் சரிசெய்த பிறகும் தீராத ஒரு குறை உண்டு. இந்தச் சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். எங்கள் தெரு மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே, அதில் தெருவே உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேகம் இறங்கும். புளூடூத்தும் அதே ஒற்றை ஆன்டெனாவைத்தான் பகிர்ந்துகொள்கிறது, அதனால் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு ஆன்லைன் கிளாஸ் கேட்டால் குரல் விட்டுவிட்டு வரும். காலேஜ் போகிற பையனுக்கு இது பெரிய தொல்லை.

2012-ல் பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பில் ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ் இருந்தது, அதுவும் டெபியனிலிருந்து வந்ததுதான். கிளாஸில் எல்லோரும் முதல் வேலையாக அதை அழித்தார்கள், நான் வைத்துக்கொண்டேன். அங்கே ஆரம்பித்தது இது. அதனால் டெபியன் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கையில் ஒரு குறைவும் இல்லை. டெபியன் 10-லிருந்து 13 வரைக்கும் ஒரு தடவை கூட அழித்துப் போடாமல் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன், ஒரு கோப்பு போனதில்லை.

ஆனாலும் நீ இந்த லேப்டாப்பை வாங்காதே, கண்ணா. ஒன்பதாயிரத்துக்கும் வேண்டாம். இன்னும் மூவாயிரம் சேர்த்து 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிற ஒன்றாகப் பார். நான் என்னுடையதை விற்கப்போவதில்லை, அது வேறு. எந்த லேப்டாப்பாக இருந்தாலும் காசு கொடுக்கும் முன் டெபியன் லைவ் (லேப்டாப்பில் நிறுவாமலேயே ஓடும் டெபியன்) பென் டிரைவில் பூட் செய்து, கடையின் ரவுட்டரிலிருந்து ஒரு இருபது அடி தள்ளிப் போய், அதில் எத்தனை வைஃபை தெரிகிறது, உன் போனில் எத்தனை தெரிகிறது என்று எண்ணிப் பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதாக இருந்தால் சொல், பென் டிரைவை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.