ஒரே பாட்டுக்கு எத்தனை சிடி?

சார்லி பாட்டன் பாடியவை என் அலமாரியில் நான்கு லேபிள்களில் (வெளியிட்ட இசை நிறுவனங்களில்) இருக்கின்றன: யாஸூ, டாக்குமென்ட், ஜேஎஸ்பி, ரெவனன்ட். நான்கிலும் பெரும்பாலும் அதே பாட்டுகள்தான். மிசிசிப்பி டெல்டாவைச் சேர்ந்த இந்த புளூஸ் பாடகர் 1929 ஜூனில் முதன்முதலாக ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தார். 1934-இல் இறந்துவிட்டார். அவரிடமிருந்து புதிதாக எதுவும் வரப்போவதில்லை. அப்புறம் எதற்கு நான்கு என்று வீட்டில் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். 1920, 30-களின் புளூஸ், ஜாஸ் மறுவெளியீடுகளைப் பல வருடமாக வாங்கிக் கேட்டு வருகிறேன். இதில் நாம் காசு கொடுப்பது பாட்டுக்கு மட்டும் இல்லை. எந்தப் பழைய தட்டிலிருந்து எடுத்தார்கள், யார் எடுத்தார், எடுத்த பிறகு அதை என்ன செய்தார் என்பதற்கும் சேர்த்துத்தான்.

பாட்டன் பதிவுகளில் பெரும்பகுதி பாரமவுன்ட் லேபிளுக்காகச் செய்தவை. அந்த லேபிளை நடத்தியது விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலி கம்பெனி ஒன்று. கிராமபோன் பெட்டிகள் செய்தார்கள், பெட்டி விற்க வேண்டுமென்றால் ரெக்கார்டும் வேண்டும் என்று அதிலும் இறங்கினார்கள். தட்டுக்கான கலவையில் மலிவுச் சரக்கைப் போட்டதால், புதுத் தட்டே இரையும் என்று பெயர் வாங்கியிருந்தது. கடையை மூடிய பிறகு தாய் அச்சுகளான உலோகத் தகடுகள் பழைய உலோகமாக விலைக்குப் போயின. ஆக, இன்று மிஞ்சியிருப்பவை எவர் வீட்டிலோ கனமான முள்ளில் ஓடி ஓடித் தேய்ந்த தட்டுகள்தான். கீஷி வைலி 1930-இல் பாடிய பாட்டுகளுக்கு உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிரதிகள். பாட்டனின் நண்பர் வில்லி பிரவுன் பாரமவுன்டுக்குச் செய்த தட்டுகளில் ஒன்று இதுவரை யார் கையிலும் சிக்கவில்லை.

(அந்தத் தட்டுகளில் இருந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. அரக்கைச் சுரக்கும் சோட்டா நாக்பூர் காட்டுப் பூச்சிகள் இல்லாமல் டெல்டா புளூஸ் தட்டு இல்லை. 1942-இல் போர் காரணமாக அமெரிக்காவில் அரக்குக்குக் கட்டுப்பாடு வந்தபோது, புதுத் தட்டு செய்வதற்காகப் பழைய தட்டுகளை வாங்கி உருக்கினார்கள். அதில் என்னென்ன போயிற்றோ!)

இப்படிப்பட்ட ஒரு தட்டு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஓடவிட்டுப் பதிவு செய்தால் போதாதா? போதாது. 78 வேகத் தட்டுக்கான (நிமிடத்துக்கு 78 சுற்று) முள், பின்னால் வந்த எல்பி தட்டின் முள்ளைவிடச் சுமார் மூன்று மடங்கு அகலம். ஆனால் அதிலும் ஒரே அளவு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. பழைய இரும்பு ஊசிகள் பள்ளத்தின் ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத்தான் தேய்த்திருக்கும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ தேயாத சுவர் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அதைத் தொடுகிற அளவில் முள்ளைத் தேடிப்பிடிப்பதுதான் டிரான்ஸ்ஃபர் (பழைய தட்டின் ஒலியைப் புதுப் பதிவாக எடுப்பது) செய்பவரின் முதல் வேலை. இன்டர்நெட் ஆர்க்கைவின் 78 தட்டுத் திட்டத்தில் ஒரே தட்டை நான்கு முள்களால் ஒரே நேரத்தில் எடுத்து, நான்கையும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாலை உட்கார்ந்து நான்கையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் பாடகர் கம்பளிக்குள் இருந்து பாடுவார், அடுத்ததில் எதிரே உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது வேகம். 78 என்பது பெயருக்குத்தான். அந்தக் காலத்துப் பதிவு இயந்திரங்கள் 76-இலும் ஓடின, 80-இலும் ஓடின. வேகம் மாறினால் சுருதியும் மாறும், குரலின் வயதும் மாறும். கடைசியாக இரைச்சலை நீக்கும் கட்டம். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கம்ப்யூட்டர் வசதி வந்ததும் இரைச்சலைத் துடைத்து எடுக்கும் ஆர்வத்தில், கூடவே கிதார் கம்பியின் கூர்மையையும் ஹாலில் இருந்த காற்றையும் துடைத்துவிட்டார்கள். பின்னணி நிசப்தமாக இருக்கும், பாட்டு தண்ணீருக்கு அடியில் நடக்கும். கரகரப்பு இருந்தால் காது சில நிமிடத்தில் அதைத் தாண்டிப் போய்விடும். போன ஒலியைக் காதால் வரவழைக்க முடியாது.

சரி, லேபிள்களுக்கு வருவோம்.

டாக்குமென்ட்: ஆஸ்திரியாவில் ஜானி பார்த் 1980-களில் தொடங்கியது, பிறகு ஸ்காட்லாந்துக்குக் கைமாறியது. போருக்கு முந்தைய கறுப்பின அமெரிக்க புளூஸ், காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) பதிவுகள் அத்தனையையும் கால வரிசைப்படி கொண்டுவருவது என்பது அவர் எண்ணம். கிட்டத்தட்டச் செய்தும் காட்டினார். ஒரு பாடகர் இரண்டே பாட்டுப் பாடியிருந்தாலும் அவருக்கு ஏதாவது ஒரு சிடியில் இடம் உண்டு. டிரான்ஸ்ஃபர் மட்டும் ஒரே சீராக இருக்காது. நல்ல பிரதி கிடைத்த பாட்டு நன்றாக இருக்கும், கிடைக்காதது மழைக்குள் கேட்பது போல இருக்கும். எனக்கு இது அகராதி மாதிரி. உட்கார்ந்து படிப்பதற்கு இல்லை, ஆனால் வீட்டில் இல்லாமல் முடியாது. ஒரே மூச்சில் ஒரு சிடி முழுவதையும் கேட்கவும் வேண்டாம். பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஒன்று முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும் என்ற கணக்கில் செய்த இசை இது. இருபத்து சொச்சம் பாட்டை வரிசையாகக் கேட்டால் எந்த மேதையும் அலுத்துப்போவார். நான்கு பாட்டு கேட்டுவிட்டு நிறுத்துவது என் வழக்கம்.

யாஸூ இதற்கு நேர் எதிர். நியூயார்க்கில் நிக் பெர்ல்ஸ் என்ற சேகரிப்பாளர் 1960-களின் கடைசியில் ஆரம்பித்தது. முழுமை என்ற பேச்சே கிடையாது, நல்ல பாட்டு, நல்ல பிரதி, அவ்வளவுதான். கிதார் வாசிப்பவர்களை மனதில் வைத்துச் செய்த தொகுப்புகள் என்பதால் பல எல்பி அட்டைகளில் எந்தப் பாட்டுக்கு என்ன சுருதி அமைப்பு என்றுகூட எழுதியிருப்பார்கள். சிலவற்றில் மேல் ஒலி கொஞ்சம் கூர்மையாக இருக்கும். ஆனாலும் புளூஸ் பக்கம் புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது யாஸூ தொகுப்பு ஒன்றைத்தான். இவ்வளவு வருடத்துக்குப் பிறகு அடிக்கடி எடுப்பதும் அதைத்தான் என்பது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

ரெவனன்ட் 2001-இல் வெளியிட்ட பாட்டன் பெட்டி தனிக் கதை. பழைய 78 ஆல்பம் போலத் தடித்த அட்டைகளுக்குள் ஏழு சிடி. லேபிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிதார் கலைஞர் ஜான் ஃபேஹி, பெட்டி வெளிவரும் முன் அதே வருடம் காலமானார். பாட்டன் பற்றி அவர் 1970-இல் எழுதிய புத்தகமும் உள்ளே இருக்கிறது. கிராமி விருதுகளும் வாங்கியது. எனக்கு இதில் பிடித்தது பாட்டனோடு நிறுத்தாமல், அதே அமர்வுகளில் பாடிய சன் ஹவுஸ், வில்லி பிரவுன், லூயிஸ் ஜான்சன் ஆகியோரையும் சேர்த்தது. 1930-இல் பாரமவுன்டின் கிராஃப்டன் ஸ்டுடியோவில் யாருக்குப் பிறகு யார் பாடினார்கள் என்று புரிகிறது. குறை என்றால் கனம்தான். மடியில் வைத்துப் பிரிக்க வேண்டும், அவசரத்துக்கு ஒரு பாட்டு கேட்கலாம் என்று எடுக்கவே தோன்றாது. அதற்கென்று ஜேஎஸ்பியின் ஐந்து சிடி பெட்டி இருக்கிறது: மலிவு, கச்சிதம், கால வரிசை. தினப்படி கேட்க அது போதும்.

இன்னொரு டெல்டா புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் விஷயம் வேறு. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் மொத்தம் 29 பாட்டுகள். பெரிய நிறுவனத்திடம் இருந்ததால் இவருடைய மூலப் பொருட்கள் பாரமவுன்ட் சரக்கு மாதிரி அழியவில்லை. 1961-இல் வந்த எல்பிதான் இங்கிலாந்தில் ஒரு தலைமுறைக் கிதார் பையன்களைப் பைத்தியமாக்கியது. 1990-இல் வந்த முழுத் தொகுப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் மாற்றுப் பதிவு இருந்தால், அதை உடனே அடுத்தே வைத்திருந்தார்கள். ஆய்வுக்குச் சரி, கேட்பவருக்குத் தண்டனை. 2011-இல் நூற்றாண்டையொட்டி வந்த பதிப்பில் மாற்றுப் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளி, ஒலியையும் தெளிவாக்கினார்கள். இப்போது ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு அதுதான்.

ஜான்சன் பேச்சு வந்தால் சேகரிப்பாளர்கள் கூட்டத்தில் ஒருவராவது வேகப் பிரச்சினையைக் கிளப்புவார். தட்டுகள் வேகமாக ஓடுகின்றன, இருபது சதவீதம் குறைத்துக் கேட்டால்தான் உண்மையான ஜான்சன் என்பது வாதம். அப்படிக் கேட்டும் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கிறது. அதைவிட முக்கியம், இரண்டு ஊர், ஏழு மாத இடைவெளி. இரண்டு இடத்திலும் இயந்திரம் ஒரே அளவுக்குத் தப்பாக ஓடியிருக்க வேண்டும் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டையால் ஒரு லாபம் உண்டு. சண்டை போடுவதற்காகவே மேட்ரிக்ஸ் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்கிறோம். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளைச் சுற்றிப் பொறித்திருக்கும் அந்த எண்தான் எந்த அமர்வு, எத்தனையாவது டேக் (அதே பாட்டை எத்தனையாவது தடவை எடுத்தது) என்று சொல்லும். நல்ல மறுவெளியீட்டில் இந்த எண்களும் தேதியும் கூட வாசித்தவர்கள் பெயரும் கட்டாயம் அச்சாகியிருக்கும். அவை இல்லாத சிடியை நான் கீழே வைத்துவிடுவேன்.

ஜாஸ் பக்கம் எனக்கு ஒரே ஒரு பெயர்: ஜான் ஆர். டி. டேவிஸ். இங்கிலாந்துக்காரர், தாமே ஜாஸ் வாசித்தவர், 2004-இல் காலமானார். கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் தட்டை டேப்பில் எடுத்து, ஒவ்வொரு ‘டிக்’ சத்தமும் விழும் இடத்தைக் கண்டுபிடித்து, டேப்பின் காந்தப் பூச்சை அந்த இடத்தில் மட்டும் கையால் சுரண்டி எடுப்பாராம். லூயி ஆம்ஸ்ட்ராங் 1925 நவம்பரில் சிகாகோவில் தொடங்கிய ஹாட் ஃபைவ் இசைக்குழுவின் பதிவுகளை ஜேஎஸ்பிக்காக இவர் செய்து கொடுத்த நான்கு சிடி பெட்டியையும், அதே பதிவுகளின் அதிகாரபூர்வப் பெட்டியையும் பல தடவை அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். அட்டை, புத்தகம், படங்கள் எல்லாம் அதிகாரபூர்வப் பெட்டியில் அழகு. ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) உயிரோடு இருப்பது டேவிஸிடம். ஃபிராக் லேபிளுக்காக இவர் செய்த புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் வரிசையும் அப்படித்தான். எங்கே கண்டாலும் யோசிக்காமல் வாங்குங்கள்.

1980-களில் ராபர்ட் பார்க்கர் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் இதே பதிவுகளை ‘டிஜிட்டல் ஸ்டீரியோ’ என்று எதிரொலி சேர்த்துக் கொடுத்தார். பலரைப் பழைய ஜாஸ் பக்கம் இழுத்துவந்தது அந்த வரிசைதான், மறுக்கவில்லை. எனக்கு ஒத்துவரவில்லை. ஒற்றை ஒலிவாங்கியின் முன் எடுத்ததை ஒற்றையாகவே கேட்கலாம்.

கிங் ஆலிவர் இசைக்குழுவின் 1923 பதிவுகளில் ஒலிவாங்கிகூடக் கிடையாது, ஒலியைப் பிடிக்க வெறும் கூம்புக் குழல். முதலில் பதிவு செய்தது இண்டியானா மாநிலம் ரிச்மண்டில், ரயில் பாதையை ஒட்டிய ஸ்டுடியோவில். ரயில் வந்தால் பதிவை நிறுத்திக் காத்திருப்பார்கள். பல வருடம் எந்த வெளியீட்டில் கேட்டாலும் எனக்கு அது ஒரே குழப்பமான சத்தம்தான். டக் பென்சன், டேவிட் சேகர் இருவரும் சேர்ந்து ‘ஆஃப் தி ரெக்கார்டு’ லேபிளில் கொண்டுவந்த இரட்டை சிடியைக் கேட்ட பிறகுதான் இரண்டு கார்னெட்டும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. பாட்டு மாறவில்லை, தட்டும் கையும் மாறின. இந்த 1923 பதிவுகள் 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் காப்புரிமை நீங்கிப் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஐரோப்பாவில் அதற்கு ரொம்ப முன்பே ஆகிவிட்டதால்தான் அங்கே இத்தனை லேபிள்கள். இதில் ஒரு அநியாயமும் நடக்கிறது: ஒருவர் மாதக்கணக்கில் செய்த டிரான்ஸ்ஃபரை இன்னொரு மலிவு லேபிள் அப்படியே நகலெடுத்து, மேலே இன்னொரு சுற்று இரைச்சல் நீக்கி, பாதி விலைக்கு விற்கும். அப்படி ஒன்று என்னிடமும் வந்து சேர்ந்தது. மூலத்தில் இருந்த ஒரு பொட்டுச் சத்தம் இதிலும் அதே இடத்தில் வந்ததால் பிடிபட்டது.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. 1990-களின் தடித்த சிடி பெட்டிகளில் வட்டை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள். வருடங்கள் போனால் அது பிசுபிசுத்து வட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்றே எடுத்து எறிந்துவிடுங்கள். அட்டை ஆல்பங்களில் வரும் சிடிகளைத் தனி உறையில் போட்டு வையுங்கள், இழுத்து இழுத்துக் கீறல் விழும்.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது. பாட்டன் பாட்டு ஒன்றைத் தேடினால் பத்து முடிவு வரும், எது எந்தத் தட்டிலிருந்து யார் எடுத்தது என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்காது. முதலில் கேட்டு ருசி பார்க்க அது போதும். பிடித்துப்போனால் பழைய சிடி விற்கும் இடத்தில் யாஸூ ஒன்று, டேவிஸ் பெயர் போட்ட ஆம்ஸ்ட்ராங் பெட்டி ஒன்று, இரண்டையும் தேடுங்கள். ரெவனன்ட் பெட்டி கண்ணில் பட்டால் விலையை வீட்டில் சொல்லாதீர்கள்.