ஃபெரிட்டின் 15-ஆ, 45-ஆ? இரும்புச்சத்துக் குறையைக் கண்டறிய எந்த அளவுகோல்

ஹீமோகுளோபின் 10.2, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதமான ஃபெரிட்டின் 28. ஆய்வக அறிக்கையில் கீழ்வரம்பு 13 என்று அச்சாகியிருப்பதால் 28-க்குப் பக்கத்தில் எந்தக் குறியும் விழாது. "இரும்பு நார்மல்" என்று முடிவு கட்டிவிட்டு வேறு காரணத்தைத் தேடப் போவார்கள். இரும்புச்சத்துக் குறை ரத்தசோகை கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில், தொற்றோ அழற்சியோ இல்லாத பெரியவருக்கு வரம்பு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். அதே ஆண்டு அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம், ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்களுக்கு 45 என்றது. முதலாவது, பார்வைக்கு ஆரோக்கியமாக இருப்பவருக்கு. இரண்டாவது, ரத்தம் குறைந்து மருத்துவரிடம் வந்து நிற்பவருக்கு.

அந்தச் சங்கம் திரட்டிய தரவுப்படி, உண்மையில் குறைபாடு உள்ள 100 பேரில் 15 என்ற வரம்பு 59 பேரைப் பிடிக்கிறது. 45 என்றால் 85 பேரை. குறைபாடே இல்லாத 100 பேரில் தவறாகச் சிக்குவோர் முறையே 1, 8. அந்த 8 பேரில் சிலர் தேவையில்லாமல் எண்டோஸ்கோபி வரை போகக்கூடும். அது சின்ன விஷயமல்ல. ஆனால் தவறவிட்டவரிடம் மறைந்திருப்பது குடல் புற்றுநோயாகவோ சீலியாக் நோயாகவோ (கோதுமையின் குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருக்கலாம். ரத்தசோகை உறுதியானவருக்கு 45-ஐயே எடுப்போம்.

அழற்சி இருந்தால் 45-உம் போதாது. தொற்று, மூட்டழற்சி, கல்லீரல் நோய் எல்லாமே ஃபெரிட்டினை ஏற்றிவிடும். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பி உயர்ந்திருந்தால் பெரியவருக்கு வரம்பை 70-க்கு ஏற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடவே டிரான்ஸ்ஃபெரின் நிறைவை, அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைக் கணக்கிடலாம்: சீரம் இரும்பு 40, மொத்தப் பிணைப்புத் திறன் 400 என்றால் 40 ÷ 400 × 100 = 10 சதவீதம். 20-க்குக் கீழே என்றால் குறைபாட்டுக்கு ஆதரவான சான்று. ஆனால் அழற்சி மட்டுமே இருந்தாலும் இந்தச் சதவீதம் இறங்கும் என்பதால் தனியாக இதை நம்பக்கூடாது. சீரம் இரும்பை மட்டும் பார்ப்பது இன்னும் மோசம்: நேரத்துக்கு நேரம் மாறும், மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் எகிறும்.

சிவப்பணுக்களின் சராசரி அளவான எம்சிவி? தாமதமாகத்தான் இறங்கும், சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் பழைய அணுக்கள் சராசரியைத் தாங்கிப்பிடிக்கும். கூடவே அணுக்களைப் பெரிதாக்கும் பி12 குறைபாடும் இருந்தால் சிறிதும் பெரிதும் கலந்து சராசரி ஒழுங்காகத் தெரியும். அப்போது அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்டிடபிள்யூ உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எம்சிவி மிகக் குறைவு, சிவப்பணு எண்ணிக்கை அதிகம், ஃபெரிட்டின் நன்றாக இருக்கிறது என்றால் தலசீமியா (பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறு) கடத்தியாக இருக்கலாம்.

மாத்திரை கொடுத்துப் பார்ப்பதும் ஒரு வழி. இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் ஏறினால் குறைபாடு என்றே கொள்ளலாம். ஏறாவிட்டால் குறைபாடு இல்லை என்று அர்த்தமில்லை: மாத்திரையைச் சரியாகப் போடாதிருக்கலாம், குடல் உறிஞ்சாதிருக்கலாம், ரத்தக்கசிவு தொடரலாம். எதுவானாலும் முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும்.

வழிகாட்டுதலைச் சுவரில் ஒட்டுவதா, ஆய்வகத்தின் வேலைமுறையிலேயே சேர்ப்பதா என்றால் இரண்டாவதுதான் பலன் தரும். ஹீமோகுளோபின் குறைந்தாலே அதே நாள் ரத்தத்தில் ஃபெரிட்டினும் ஓடட்டும். 45-க்குக் கீழே வந்தால் "ரத்தசோகையுடன் பார்க்கையில் குறைபாடு" என்ற குறிப்பு தானாக அச்சாகட்டும். இதற்கு முதல் குத்தலிலேயே ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடி ஈடிடிஏ குழாயோடு ஃபெரிட்டினுக்கான ஒரு சீரம் குழாயும் நிரப்பியிருக்க வேண்டும். மறுபடி வரச் சொன்னால் பலர் வருவதில்லை.