மைக்ரானா, நிறமா, நோட்டுப் புத்தகமா: பரப்பு மெருகு வேலைகளில் உங்களுக்கு எது?

கைநேர்த்தியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு உலோகப் பட்டறைகளில் மூன்று வேலைகள் காத்திருக்கின்றன: சிலிண்ட்ரிகல் கிரைண்டிங் (உருளைத் தண்டைச் சுழலும் கல்லில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது), கார் பெயின்டிங், பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூளைத் தூவி ஓவனில் சுட்டுப் படியவைப்பது). மூன்றுமே துல்லியம் கேட்பவைதான். ஆனால் ஒன்றில் கெட்டிக்காரர் மற்றொன்றில் திணறுவதைப் பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

எண்களை நம்புகிறவருக்குக் கிரைண்டிங். 50 மில்லிமீட்டர் தண்டுக்கு வரைபடத்தில் 10 மைக்ரான் வித்தியாசத்துக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான். எஃகு 10 டிகிரி சூடேறினால் அந்தத் தண்டு 6 மைக்ரான் அளவுக்குப் பெருத்துவிடும். சூட்டோடு அளந்து, சரி என்று கழற்றி வைத்தால், ஆறியதும் சிறுத்துக் கிடக்கும். தேய்ந்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைப்பது எளிதல்ல. அதனால்தான் தேர்ந்தவர் கூலன்ட்டை (சூடு தணிக்கும் திரவத்தை) தாராளமாக ஓடவிட்டு, கடைசிச் சுற்றில் கல்லை மேலும் நகர்த்தாமல் பொறி அடங்கும்வரை காத்திருப்பார். புதுக் கல்லை மாட்டுவதற்கு முன் மரப்பிடியால் தட்டிக் கேட்பார்: கணீரென்றால் மாட்டலாம், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் என்று ஒதுக்கிவிட வேண்டும். ஐடிஐயில் இதற்கென்றே மெஷினிஸ்ட் (கிரைண்டர்) பிரிவு இரண்டாண்டுப் படிப்பாக உண்டு.

கார் பெயின்டிங்கில் மைக்ரோமீட்டருக்கு (நுண்ணளவு அளக்கும் கருவிக்கு) வேலை குறைவு. பட்டி போட்டுத் தேய்த்த இடத்தை உள்ளங்கையால் தடவியே மேடு பள்ளத்தைச் சொல்ல வேண்டும். அதைவிடக் கடினம் நிறம் சேர்ப்பது. கம்பெனி தரும் நிறக் குறியீட்டைப் பார்த்துக் கலந்தாலும், பல வருடம் வெயிலில் நின்ற வண்டியின் நிறம் அதுவாக இருக்காது. மெட்டாலிக் என்றால் இன்னும் மோசம்: ஸ்பிரே கன்னைப் பிடிக்கும் தூரமும் காற்றழுத்தமும் மாறினால் உள்ளிருக்கும் அலுமினியத் துகள்கள் வேறு மாதிரி படிந்துவிடும். நேரே பார்த்தால் ஒத்திருக்கும் கதவு, பக்கவாட்டில் கறுத்து நிற்கும். வாடிக்கையாளர் சரியாக அந்தப் பக்கத்தில்தான் வந்து நிற்பார்! பெயர் எடுத்துவிட்டால் சின்ன முதலில் சொந்தக் கடை போடலாம். கிரைண்டிங்கில் மெஷின் விலையே அந்த ஆசையை அடக்கிவிடும். ஆனால் பெயின்டை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்கச் சொல்லும் கடையில் சேரவே வேண்டாம்.

பவுடர் கோட்டிங்கில் கைத்திறமையைவிட ஒழுங்குதான் முக்கியம். எண்ணெய் நீக்கி, அலசி, துரு நீக்கி, அலசி, பாஸ்பேட் ஏற்றி என்று தொட்டி தொட்டியாக இறக்கி எடுக்க வேண்டும். ஓர் அலசலைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது. சில மாதம் கழித்துப் பூச்சு தோலாக உரியும். ஓவன் 200 டிகிரி காட்டுவதை வைத்து நேரம் எண்ணுவதும் தவறு. உள்ளே இருக்கும் இரும்பு அந்தச் சூட்டுக்கு வந்த பிறகே கணக்குத் தொடங்குகிறது. தடித்த பொருளுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். நேரம், சூடு, தடிமன் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்கிறவர் இங்கே சீக்கிரமே மேற்பார்வையாளர் ஆகலாம்.

தேர்ந்தெடுக்கச் சொன்னால், படித்துவிட்டுப் புதிதாக வருகிறவருக்கு நான் கிரைண்டிங்கைத்தான் சொல்வேன். அங்கே நல்ல வேலைக்கு மைக்ரோமீட்டரே சாட்சி; முதலாளியின் ரசனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறத்தில் கண் கூர்மையானவர் மட்டும் பெயின்டிங் பக்கம் போகட்டும். இந்த மூன்றையும் விட்டுக் குரோம் முலாம் வேலைக்குப் போவதென்றால், ஆவியை உறிஞ்சும் ஏற்பாடு தொட்டியோரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஆவியில் வரும் அறுவலு குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) புற்றுநோய் தரும். பஃபிங்கை (துணிச் சக்கரத்தில் பளபளப்பேற்றுவதை) நான் சேர்க்காததற்குக் காரணம், பல இடங்களில் கூலி உருப்படிக் கணக்கில் என்பதால் அங்கே நிதானத்துக்கு மதிப்பில்லை, தூசிக்கும் குறைவில்லை.