ஒரே 'அஸ்', இரண்டு தமிழ்

2001 செப்டம்பர் 20 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்று அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ் உலக நாடுகளிடம் சொன்னார்: ஒன்று எங்களோடு இருங்கள், இல்லையேல் பயங்கரவாதிகளோடு.

2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் துப்பாக்கிச்சூடு. நியூசிலாந்துக்குக் குடிவந்தவர்களைப் பற்றிப் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் சொன்னது: அவர்கள் நாமே.

ஆங்கிலத்தில் இரண்டுமே 'அஸ்' (us) தான். தமிழில் எழுதும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. புஷ்ஷுடையது 'நாங்கள்'. கேட்பவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வர நிபந்தனை உண்டு. (முஸ்லிம் நண்பர்கள் எதிரிகள் அல்லர் என்றும் அதே உரையில் சொன்னார். அது யாருக்கு நினைவிருக்கிறது?) ஆர்டெர்னின் 'நாம்' நுட்பமானது: 'அவர்கள்' என்று தொடங்கி, அந்த வேலியையே அடுத்த சொல்லில் பிடுங்கிவிடுகிறது. அவரும் ஒருவனை வெளியே நிறுத்தினார், சுட்டவனை மட்டும்.