பிரான்ஸ்ல குதிரை ட்ரெக் புக் பண்ணப் போறீங்களா, காசு அனுப்பறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க

போன மே மாசம் நானும் வீட்டுக்காரரும் தெற்கு பிரான்ஸ்ல லார்சாக்ங்கற மேட்டு நிலத்துப் பக்கம் ஆறு நாள் குதிரைப் பயணம்னு கிளம்பிப் போய் மூணாவது நாளே இறங்கி நடந்து வந்தோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து கட்டினது 1,780 யூரோ, இன்னும் ஒரு சென்ட் கூட திரும்பி வரல. ஆள் பேரு இங்க போட மாட்டேன், விஷயம் இப்ப கொன்சிலியாதெர்கிட்ட, அதாவது கோர்ட்டுக்கு முன்னாடி சமரசம் பேசி வைக்கறவர்கிட்ட இருக்கு. பேரு போட்டாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னு கடைசில புரியும். நடந்தத அப்படியே சொல்றேன்.

நான் துலூஸ் பக்கத்துல ஒரு கிளப்ல ரெண்டு வருஷமா குதிரை ஓட்டக் கத்துக்கறேன், கலோப் 2ன்னு சொல்ற ஆரம்ப நிலைப் பரீட்சை முடிச்சிருக்கேன், அவ்வளவுதான், பெரிய ஆள் எல்லாம் இல்ல. அவருக்கு கொடைக்கானல் ஏரிய சுத்தி குதிரையில ஒரு ரவுண்டு போன அனுபவம் மட்டும். விளம்பரத்துல "ஆரம்பநிலை ஆட்களும் வரலாம், டெம்ப்ளர் வீரர்களோட கிராமங்கள் வழியா, தினமும் ராத்திரி ஜீத்ல தங்கல், கோட்டைக்குள்ள விளக்கம், கடைசி நாள் ரோக்ஃபோர் சீஸ் குகை"னு போட்டிருந்தான். ஜீத்னா தெரியாதவங்களுக்கு, கிராமத்துல விவசாயிங்க வீட்டையோ பழைய தொழுவத்தையோ சரி பண்ணி வாடகைக்கு விடற தங்குமிடம். ஃபோன்ல பேசினவரு நல்லா இனிமையா பேசினாரு. ஃபார்ம் ஒண்ணு அனுப்பினாரு, அதுல பேரு, ஃபோன், சாப்பாட்டுல என்ன சேர்க்க மாட்டீங்கன்னு கூட கேட்டிருந்தாங்க, எங்க எடை எவ்வளவுன்னு மட்டும் கேக்கல. எங்க வீட்டுக்காரர் 94 கிலோ. என் கிளப்ல முதல் நாளே எடை கேட்டாங்க, ஏன்னா சேணம் மனுஷன் எல்லாம் சேர்ந்து குதிரையோட எடையில ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சொல்லுவாங்க, 450 கிலோ குதிரைன்னா 90 கிலோ, நிறைய இடத்துல 85, 90னு வரம்பு வெச்சு மேல இருந்தா எடுக்கவே மாட்டாங்க. எனக்கு அங்கயே பொறி தட்டியிருக்கணும். தட்டல. "பரவால்ல உங்கள குண்டுன்னு சொல்லலையே"ன்னு சிரிச்சோம்.

பணம் முழுசும் பேங்க் விர்மான்ல, அதாவது கணக்குலேர்ந்து கணக்குக்கு நேரா அனுப்பறது, அதுவும் ஐபான்ங்கற கணக்கு நம்பர் ஒரு தனி ஆள் பேர்ல, கம்பெனி பேர்ல இல்ல. அதுக்கு மேல "இன்ஷூரன்ஸ்"னு ஆளுக்கு 40 யூரோ தனி, பேப்பர் எதுவும் வரல. அனுப்பின மறுநாள் மனசு ஒரு மாதிரி இருந்துச்சு, சரி பிரான்ஸ்ல ஆன்லைன்ல வாங்கினா 14 நாள்ல வேண்டாம்னு சொல்லலாமேன்னு தைரியமா இருந்தேன். அது தப்பு. தேதி குறிச்சு புக் பண்ற தங்கல், பொழுதுபோக்கு இதுக்கெல்லாம் அந்த 14 நாள் உரிமை கிடையாது. இத நான் காசு போனப்புறம்தான் கத்துக்கிட்டேன்.

முதல் நாள் சாந்த்-யூலாலி-து-செர்னோன் பக்கத்துல ஒரு பார்க்கிங்ல வரச் சொன்னாங்க. லாயம் இல்ல, பண்ணை இல்ல, ரோட்டோரம் குதிரை ஏத்தற ட்ரெய்லர் ஒண்ணு. ஃபோன்ல பேசின ஆள் வரல, இருபது வயசு கூட இருக்காது ஒரு பையன், "அவருக்கு வேற வேலை வந்துருச்சு, நான் கூட்டிட்டுப் போறேன்"னான். ஆறு பேருக்கு ஆறு குதிரை. எனக்கு ஒரு பழுப்பு பொட்டைக்குதிரை, பேரு நுவாசெத். அவ முதுகுல சேணம் போடற இடத்துல சின்னச் சின்னதா வெள்ளை முடி திட்டு இருந்துச்சு, அழகா இருக்கு, ஜாதிக் குறி போலன்னு தடவிக் கொடுத்தேன். இத ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்த ஊரப் பத்தி சொல்லாம இருக்க முடியல. டெம்ப்ளர்னு சொல்றவங்க சிலுவைப் போர் காலத்து துறவி வீரர்கள், 12ஆம் நூற்றாண்டுல லார்சாக் மேட்டு நிலத்துல வந்து உக்காந்து, இங்க ஆடு, குதிரை, தானியம்னு விளைவிச்சு அந்த வருமானத்த ஜெருசலேம் பக்கம் நடக்கற போருக்கு அனுப்பினாங்க. அவங்களோட லார்சாக் தலைமையிடம் இந்த சாந்த்-யூலாலி. 1307 அக்டோபர் 13ல ராஜா நாலாம் ஃபிலிப் ஒரே நாள்ல பிரான்ஸ் முழுக்க அவங்கள பிடிச்சுப் போட்டாரு, 1312ல அமைப்பையே கலைச்சாங்க, சொத்து எல்லாம் ஹாஸ்பிட்டலர்னு இன்னொரு அமைப்புக்குப் போச்சு. ஊருக்குள்ள அந்தக் கட்டடம், சர்ச், கல்லு மதில் எல்லாம் அப்படியே நிக்குது. நாங்க எவ்வளவு நேரம் பாத்தோம் தெரியுமா? குதிரை மேல உக்காந்தபடியே வெளியில ஒரு அஞ்சு நிமிஷம். "உள்ள போலாமா"ன்னு கேட்டா "குதிரைய கட்ட இடம் இல்ல"ன்னான் பையன். நான் இத வருஷக்கணக்கா படிச்சு ஆசைப்பட்டு வந்தவ, ஒரு வார்த்தை விளக்கம் இல்ல.

முதல் ராத்திரி ஜீத்னு சொன்ன இடத்துல ஒரு வயக்காடும் நாலு டென்ட்டும். பெட்டி ஏத்தின வண்டி ராத்திரி பத்து மணிக்கு வந்துச்சு. கொஞ்ச தூரத்துல ஏ75 மோட்டார்வே இரைச்சல் விடிய விடிய. இதெல்லாம் கூட பொறுத்துக்கலாம்ங்க, சாயந்தரம் சேணத்த இறக்கினப்ப நுவாசெத்தோட வயித்துப்பட்டை உரசற இடத்துல தோல் உரிஞ்சு ஈரமா செவப்பா இருந்துச்சு. பையன்கிட்ட காட்டினேன், பவுடர் மாதிரி ஏதோ போட்டு "காலைல சரியாயிடும்"னான். நானும் நம்பிட்டேன். நம்பலன்னும் சொல்லலாம், கட்டின காசு ஞாபகம் வந்துச்சு, காலைல ஏறி உக்காந்துட்டேன். இத எழுதறதுக்கே ஒரு மாதிரி இருக்கு.

ரெண்டாம் நாள்தான் கொடுமை. லார்சாக் முழுக்க சுண்ணாம்புக்கல் மேடு, மழை பெஞ்சா கல்லு வெடிப்பு வழியா தண்ணி நேரா கீழ இறங்கிரும், மேல ஒரு ஓடை கூட பாக்க முடியாது. அதனாலதான் அந்தக் காலத்துலேர்ந்தே ஆட்டுக்காரங்க வட்டமா குழி வெட்டி, கல்லு பாவி, மழைத்தண்ணிய தேக்கி வெச்சாங்க, அதுக்கு லவோஞ்னு பேரு, நம்ம ஊரு ஊருணி மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆட்டுக் கொட்டகை கூரையில விழற தண்ணியக் கூட தொட்டியில பிடிச்சிருக்காங்க. அங்க குதிரை கூட்டிட்டுப் போறவனுக்கு எங்க தண்ணி இருக்குன்னு தெரியறதுதான் முதல் தகுதி, ஒரு குதிரை சாதாரண நாள்லயே 30, 40 லிட்டர் குடிக்கும். இவன் ஃபோன் மேப்ப பாத்துக்கிட்டே வர்றான், சிக்னல் போயிடுச்சு, வழி தப்பிடுச்சு, காலைல எட்டரைக்கு கிளம்பினவங்க மத்தியானம் மூணு மணி வரைக்கும் ஒரு குதிரைக்கும் ஒரு சொட்டு தண்ணி காட்டல. கூட வந்த ஒரு பெல்ஜியம்காரம்மாவோட குதிரைக்கு கல்லுல தட்டி லாடம் கழண்டு போச்சு, மாட்ட ஆணி இல்ல, சுத்தி இல்ல, தற்காலிகமா போடற ரப்பர் செருப்பு கூட இல்ல. அந்தம்மா இறங்கி நடந்தாங்க. நடுவுல கார் போற ரோட்டுல வேற ஒரு மணி நேரம், பக்கத்துல லாரி உரசிக்கிட்டு போகுது, எங்க வீட்டுக்காரர் கடிவாளத்த விட்டுட்டு பிடரி மயிர இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு முருகா முருகான்னு வராரு. இப்ப சிரிக்கலாம்.

அன்னிக்கு சாயந்தரம் மழையில நனைஞ்சுக்கிட்டே லா கவல்ரிங்கற ஊர தாண்டி ஒரு ஜீத் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும், கதவுல பெரிய சூரியன் மாதிரி ஒரு காஞ்ச முள்ளுப்பூ ஆணி அடிச்சு வெச்சிருந்தாங்க, கார்தபெல், மழை வர்றதுக்கு முன்னாடி மூடிக்கும், அன்னிக்கு மூடித்தான் இருந்துச்சு. அந்தம்மா எங்கள பாத்ததும் "யாரு நீங்க"ங்கறாங்க. புக்கிங்கே இல்ல! ஆளு பேர சொன்னதும் முகம் மாறிடுச்சு, போன வருஷ பாக்கியே இன்னும் தரலையாம். இருந்தாலும் உள்ள விட்டாங்க, சூப்பு கொடுத்தாங்க.

நாங்க இந்தியான்னு தெரிஞ்சதும் பேச்சு காந்திக்குப் போயிருச்சு. 1971ல அரசாங்கம் அங்க இருந்த ராணுவ முகாம 3,000 ஹெக்டேர்லேர்ந்து 17,000 ஹெக்டேரா பெருசாக்கப் போறேன்னு நிலத்த எடுக்க வந்துச்சாம், 1972ல காந்தியோட சீடர் லான்சா தெல் வாஸ்தோ லா கவல்ரில 15 நாள் உண்ணாவிரதம் இருந்தாரு, அதையொட்டி 103 விவசாயக் குடும்பங்க நிலத்த விக்கவே மாட்டோம்னு கையெழுத்து போட்டாங்க, அந்த அக்டோபர்ல ஆட்டு மந்தைய பாரிசுக்கே கொண்டு போய் ஈஃபல் டவர் கீழ மேய விட்டாங்க, பத்து வருஷம் போராடி 1981ல மித்தரான் ஜனாதிபதியா வந்ததும் திட்டத்த ரத்து பண்ணாரு. ஆறு நாள் பாரம்பரியப் பயணத்துல எங்களுக்கு கிடைச்ச ஒரே பாரம்பரியம் அந்தம்மா அடுப்படில கிடைச்சதுதான், அதுக்கு அவங்களுக்கு காசும் போகல, நாங்கதான் மறுபடி கொடுத்துட்டு வந்தோம்.

காலைல அந்தம்மா லாயத்துக்கு வந்து நுவாசெத்த பாத்தாங்க. புண்ணு முந்தின நாளவிட ரெண்டு மடங்கு. அந்த வெள்ளை முடி திட்டுகள விரலால ஒண்ணொண்ணா தொட்டுக் காட்டி, "இதெல்லாம் பழைய சேணப்புண்ணு, சரியா பொருந்தாத சேணம் அழுத்தி ஆறின இடத்துல முடி வெள்ளையா முளைக்கும்"னாங்க. ஏழு திட்டு இருந்துச்சு. நான் அழகுன்னு தடவினது.

நாங்க ஏற மாட்டோம்னுட்டோம். பெல்ஜியம்காரம்மாவும் சேர்ந்துக்கிட்டாங்க. சேணத்த வண்டியில போட்டுட்டு குதிரைங்கள கையில பிடிச்சு லா குவெர்துவராத்ங்கற மதில் சூழ்ந்த ஊர் வரைக்கும் நடந்தே போனோம். ஊருக்கு வெளியிலயே பெரிய லவோஞ் ஒண்ணு இருக்கு, கல்லு பாவினது சரிவா இறங்கும், நுவாசெத் இறங்கி நின்னு குடிச்சா பாருங்க, நிமிரவே இல்ல. மதிலப் பாத்து பையன் அதிசயமா ஒரு விளக்கம் சொன்னான், "இது டெம்ப்ளர்ஸ் கட்டினது"ன்னு. அதுவும் தப்பு. உள்ள இருக்கற கோட்டைதான் அவங்களோடது, சுத்தி இருக்கற மதில் 15ஆம் நூற்றாண்டுல ஹாஸ்பிட்டலர்ஸ் கட்டினது, டெம்ப்ளர் கதை முடிஞ்சு நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு. பாவம் அந்தப் பையன் மேல எனக்கு பெரிய கோவம் இல்ல, அவனுக்கே சம்பளம் வரலன்னு அழுதான்.

முதலாளி ஃபோன்ல கத்தினாரு, "நீங்களா விட்டுட்டுப் போறீங்க, ரீஃபண்ட் கிடையாது". வீட்டுக்கு வந்து ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன், பதில் இல்ல. கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல சண்டை போடவாவது ஒரு வழி இருந்திருக்கும், விர்மான்ல போனது போனதுதான்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. சிக்னல் கொன்சோ அரசாங்க சைட்ல புகார் போட்டேன். குதிரை நிலமைய போட்டோவோட பிரிஃபெக்சரோட, அதாவது நம்ம ஊரு கலெக்டர் ஆபீஸ் மாதிரி, கால்நடைப் பிரிவுக்கு எழுதினேன். மெரி, அதாவது நகராட்சி ஆபீஸ் மூலமா கொன்சிலியாதெர பாத்தேன், இது இலவசம், 5,000 யூரோவுக்குள்ள இருக்கற வழக்குன்னா கோர்ட்டுக்கு முன்னாடி இப்படி ஒரு சமரசம் முயற்சி பண்ணியே ஆகணும். முதல் தேதிக்கு ஆளு வரல.

அப்புறம் தோண்டினதுல தெரிஞ்சது. காசு வாங்கிக்கிட்டு குதிரையில கூட்டிட்டுப் போறவங்க எல்லாருக்கும் கார்த் ப்ரொஃபெஸியோனெல்ங்கற தொழில் அடையாள அட்டை இருக்கணும், விளையாட்டு அமைச்சக சைட்ல பேரப் போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுரும், அந்தப் பையனுக்கும் இல்ல முதலாளிக்கும் இல்ல. தங்கலும் சவாரியும் சேர்த்து ஒரே பேக்கேஜா விக்கறதுன்னா அது ட்ராவல் ஏஜென்சி வேலை, அது ஃப்ரான்ஸ்ல பதிவு பண்ணி ஐஎம்னு ஆரம்பிக்கற நம்பர் வாங்கியிருக்கணும், அதோட பண உத்தரவாதம் இருக்கும், கம்பெனி படுத்துட்டாலும் நம்ம காசுக்கு ஒரு பிடிமானம். இதுவும் பொதுவுல தேடலாம். இவங்க பேப்பர்ல அந்த நம்பரே இல்ல, நான் தேடவும் இல்ல. ஃபோன்ல "கைடோட கார்டு அனுப்புங்க, ஐஎம் நம்பர் சொல்லுங்க, ஒவ்வொரு ராத்திரி ஜீத் பேரும் சொல்லுங்க"ன்னு கேளுங்க, ஜீத்துக்கு நீங்களே ஒரு ஃபோன் போட்டு புக்கிங் இருக்கான்னு விசாரிங்க. நல்லா நடத்தறவங்க கோச்சுக்க மாட்டாங்க. என் கிளப் டீச்சர்கிட்ட கேட்டேன், அவங்க சிரிச்சுக்கிட்டே "நான் போனா முதல்ல சேணத்த எடுக்கச் சொல்லி முதுகத்தான் பாப்பேன்"னாங்க.

போன வாரம் புது பேர்ல ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு, வேற லோகோ, வேற ஃபோன் நம்பர், அதே டெம்ப்ளர் கிராமங்கள், இந்தத் தடவ ஆளுக்கு 950 யூரோ. மூணாவது போட்டோல சேணம் இல்லாம ஒரு பழுப்பு குதிரை புல்லு மேஞ்சுக்கிட்டு நிக்குது. பெருசு பண்ணி எண்ணிப் பாத்தேன். முதுகுல அதே ஏழு வெள்ளை திட்டு, வயித்துப்பட்டை படற இடத்துல புதுசா ஒண்ணு.