எந்தக் கூட்டுத் தையலில் சேரலாம்? கிராஸ் ஸ்டிட்ச், குரோஷே, கை எம்பிராய்டரி

போன வருடம் மூன்று ஸ்டிட்ச் அலாங்குகளில், அதாவது பலர் அவரவர் வீட்டில் ஒரே வேலையைத் தைத்துக் குழுவில் படம் போடும் கூட்டுத் தையல்களில், சேர்ந்தேன். ஜனவரியில் இரண்டு: முழுப் படத்தைக் காட்டாமல் மாதம் ஒரு பகுதி வரும் மர்மக் கிராஸ் ஸ்டிட்ச் (கட்டம் எண்ணிப் பெருக்கல் குறியாகப் போடும் தையல்), தினம் ஒரு வரிசை போடும் குரோஷே வெப்பநிலைப் போர்வை. ஜூனில் ஒன்று: வாரம் ஒரு தையல் பழகும் கை எம்பிராய்டரி. முதல் இரண்டும் வழியிலேயே நின்றுவிட்டன. மூன்றாவது இன்றைக்கும் ஓடுகிறது. எதில் சேரலாம் என்று யாராவது கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்கிறேன்.

துணைக்கு ஆள் இருந்தால் கை ஓடும். அது மூன்றிலும் ஒன்றுதான். செலவில் குரோஷே கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நான் பார்க்கச் சொல்வது ஒன்றை மட்டும். நடுவில் ஏழு வாரம் ஊசியைத் தொட முடியாமல் போனால், திரும்பி வரும்போது உங்களுக்காக எவ்வளவு வேலை குவிந்து கிடக்கும்? பிள்ளைகள், பெரியவர்கள் என்று வீடு நடத்துகிறவர்களுக்கு அந்த ஏழு வாரம் என்றாவது வந்தே தீரும். எனக்கு மார்ச்சில் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஏப்ரல் கடைசியில்தான் மறுபடி நூலைக் கையில் எடுத்தேன்.

கிராஸ் ஸ்டிட்சில் மாதத்துக்குச் சுமார் 1,200 கிராஸ். என் கைக்கு ஒரு மணி நேரத்தில் 100 விழும். ஆக ஒரு பகுதிக்கு 12 மணி நேரம். மார்ச்சும் ஏப்ரலும் பாக்கி, மே பகுதியும் வந்துவிட்டது. மொத்தம் 36 மணி நேரம். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் மே மாதத்துக்கு 31 நாள்தான்.

அதைக்கூடச் சமாளித்திருப்பேன். வேறொன்றுதான் என்னை நிறுத்தியது. அந்த வடிவத்துக்கு நான்கு பக்கமும் ஒரு பார்டர் உண்டு. பிப்ரவரியில் மேல் ஓரத்தில் ஒரு கட்டம் கூடுதலாக எண்ணியிருக்கிறேன். அது அப்போது தெரியவில்லை. மே மாதத்தில் ஓர் இரவு, பக்கவாட்டுக் கோடும் மேல் கோடும் சந்திக்க வேண்டிய மூலைக்கு வந்தபோது, இரண்டும் ஓர் ஓட்டை தள்ளி நின்றன. கட்டம் கட்டமாக நெய்த 14 கவுண்ட் ஐடா துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம். ஒரு கட்டம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. விளக்கைக் கிட்டே இழுத்து மூன்று முறை எண்ணினேன். கிராஸ் ஸ்டிட்சில் ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை நம்பித்தான் நிற்கிறது. பிரிப்பதென்றால் பிப்ரவரி வரைக்கும் பிரிக்க வேண்டும்.

மர்ம வடிவம் என்பதால் இன்னொரு சங்கடமும் உண்டு. முழுப் படத்தைப் பார்க்காமலே நூல் வாங்க வேண்டும். வடிவங்களில் பெரும்பாலும் டிஎம்சி என்ற நூல் கம்பெனியின் நிற எண்தான் வரும். திருச்சியில் எனக்குச் சுலபமாகக் கிடைப்பது ஆங்கர் என்ற வேறு கம்பெனி நூல். கறுப்பு என்றால் டிஎம்சி 310-க்கு ஆங்கர் 403 என்று நேராகப் பொருந்திவிடும். பக்கத்துப் பக்கத்துச் சாயல்களில்தான் சிக்கல்: டிஎம்சியில் இரண்டு எண்ணாக இருப்பது மாற்றுப் பட்டியலில் ஒரே ஆங்கர் எண்ணில் வந்து நிற்கும். படம் தெரிந்தால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று நாமே முடிவு செய்யலாம். மர்மத்தில் அதற்கு வழியில்லை. அப்புறம், நாம் பின்தங்கியிருக்கும்போது மற்றவர்கள் அடுத்த பகுதியை முடித்துப் படம் போட்டுவிடுவார்கள். மர்மம் கலைந்துவிடுமே என்று குழுவைத் திறந்து பார்ப்பதையே நான் நிறுத்திவிட்டேன். சேர்ந்ததே அந்தத் துணைக்காகத்தான்.

வெப்பநிலைப் போர்வை அழகான யோசனை. அன்றைய அதிகபட்ச வெப்பநிலைக்கு என்ன நிறமோ அந்த நிறத்தில் ஒரு வரிசை. வருடம் முடிந்தால் 365 வரிசை. சிறிய தையலில், வரிசைக்கு அரை சென்டிமீட்டர் உயரம் வருகிற மாதிரி போட்டால்தான் நீளம் சுமார் 1.8 மீட்டரில் அடங்கும். உயரமான தையலில் போட்டால் இரண்டு கட்டிலுக்கு நீண்டுவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் போடும் நிறப் பட்டியல் உறைநிலைக்குக் கீழே தொடங்கி 5 டிகிரிக்கு ஒரு நிறமாக ஏறும். அதை அப்படியே எடுத்தால் திருச்சியின் ஒரு வருடம் மூன்று, நான்கு நிறத்தில் முடிந்துவிடும். நான் 2 டிகிரிக்கு ஒரு நிறமாகப் பிரித்தேன். 28-க்குக் கீழே கருநீலம், 40-க்கு மேலே அடர்சிவப்பு. ஊருக்குத் தகுந்தபடி இப்படி மாற்றிக்கொள்ளலாம், அதில் குறையில்லை.

ஆனால் 49 நாள் விட்டால் 49 வரிசை பாக்கி. என் வரிசை ஒன்றுக்கு 20 நிமிடம். பதினாறு மணி நேரத்துக்கும் மேல். வெப்பநிலையைக் குறித்து வைத்திருந்ததால் கணக்கு தொலையவில்லை, அந்த அளவுக்கு இது கிராஸ் ஸ்டிட்சைவிடப் பரவாயில்லை. ஆனாலும் வரிசையை முன்பின்னாகப் போட முடியாது. நேற்றையதை முடித்தால்தான் இன்றையது. மே மாத வெயிலில் அக்ரிலிக் நூல் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு மார்ச் மாதத்து வரிசைகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த நிறத்தில் எத்தனை நாள் வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் நூலும் பாதியில் தீர்ந்தது. அதே நிறம் கிடைத்தாலும், எந்தத் தடவை சாயம் போட்டது என்று காட்டும் லாட் எண் மாறினால் சாயம் லேசாகத் தள்ளியே நிற்கும். ஜூனில் நிறுத்தினேன். மழைக்காலத்துக்கென்று வாங்கிய கருநீலம் உறை பிரிக்காமல் இருக்கிறது.

குரோஷே என்றாலே இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். தனித்தனிச் சதுரமாகப் போட்டுக் கடைசியில் இணைக்கும் முறை இருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டரில் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்களே, அதுவும் பலர் தங்கள் வீட்டில் போட்ட துண்டுகளைச் சேர்த்துத்தான். குரோஷேதான் வேண்டும் என்றால் சதுரம் போடும் குழுவாகத் தேடுங்கள்.

நிட்டிங்கில் நான் கூட்டாகச் சேர்ந்ததில்லை; தோழி செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். நிட்டிங் வடிவமைப்பாளர் ஸ்டீவன் வெஸ்ட் அக்டோபரில் நடத்தும் மர்மச் சால்வை போல, வாரம் ஒரு குறிப்பாக ஒரே மாதத்தில் முடிவது அதில் அதிகம். குறுகிய காலம் என்பது நல்ல விஷயமாகத்தான் படுகிறது. அதற்கு மேல் பார்த்ததை வைத்துச் சொல்வது சரியாக இருக்காது.

சரி, கை எம்பிராய்டரிக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் ஷாரன் பாகன் 2007-இல் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு தையல் என்று ஆரம்பித்த வழி இது. நான் சேர்ந்திருக்கும் சின்னக் குழுவும் அதே முறைதான். செவ்வாய் அன்று ஒரு தையலின் பெயரும் படமும் வரும். காடா துணியில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுப் பழகுவது, நேரம் இருந்தால் அதையே இலையாகவோ ஓரமாகவோ மாற்றிப் பார்ப்பது. ஒரு வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

நான் சேர்ந்த வாரம் ஹெரிங்போன், சாய்ந்த கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் தையல். பள்ளியில் ஓடுதையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் வரைக்கும் கற்றவள்தான். இது புதிதாக இருந்தது. வேலை இடமிருந்து வலமாக நகர்கிறது. ஊசி மட்டும் ஒவ்வொரு முறையும் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். முதல் கோட்டில் என் கை அதற்கு ஒப்பவே இல்லை, தையலின் காலெல்லாம் கோணல். குழுவில் இருக்கும் ஒரு பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “ஊசி வந்த வழியைப் பார்க்கட்டும் கண்ணு, கை முன்னால போகட்டும்” என்று எழுதினார். மூன்றாவது கோட்டில் பிடிபட்டது. துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு வரி சின்னச் சின்னக் கோடுகள். மெல்லிய துணியின் பின்பக்கத்தில் இதையே நெருக்கிப் போட்டால்தான், முன்பக்கம் நிழலாகத் தெரியும் ஷேடோ வொர்க். லக்னோவின் சிக்கன் எம்பிராய்டரியில் இதைப் பகியா என்கிறார்கள். ஒரு தையல் வந்தால் இப்படி அதன் உறவுகளும் கூடவே வருகின்றன.

தை மாதத்தில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். மூன்று வாரம் ஊசி எடுக்கவில்லை. நான்காவது செவ்வாய் அன்று அந்த வாரத்துத் தையலை மற்றவர்களோடு சேர்ந்து போட்டேன். விட்ட மூன்றுக்கும் துணியில் இடம் விட்டிருந்தேன். இரண்டைப் பிறகு நிரப்பினேன், ஒன்று இன்னும் காலி. அந்தக் காலி இடத்தால் வேறெந்தக் கோடும் நகரவில்லை, எதையும் பிரிக்கவும் வேண்டியதில்லை. மூன்றையும் பார்த்த பிறகு என்னை இதன் பக்கம் சாய்த்தது இதுதான்.

இதில் இல்லாதது ஒன்று உண்டு. சட்டம் போட்டு மாட்ட ஒரு பெரிய படமோ போர்த்த ஒரு போர்வையோ கடைசியில் கிடைக்காது. நான் துண்டுகளை அடுக்கி ஓரம் தைத்துத் துணிப் புத்தகமாக்கி வருகிறேன். முழுப் படம்தான் வேண்டும் என்று மனது கேட்டால், மாதம் ஒரு தனிக் கட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் கிராஸ் ஸ்டிட்ச் வடிவமாகப் பாருங்கள். தொடங்கும் முன் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாக மெல்லிய நூல் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் அந்த மூலை தவறியிருக்காது.

வருடத்தின் நடுவில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் சேர்ந்தபோது குழுவுக்கு அது 23-வது வாரம். என் துணியில் முதல் கோடே அந்த ஹெரிங்போன்தான்.