கனுலா ஏற்றும் முன்: தைலமா, ஒத்தடமா, மரப்புக் களிம்பா?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குவும் கூடவே வந்துவிடும். வார்டில் சேர்த்ததும் கையில் கனுலா, அதாவது சேலைன் ஏற்ற நாளத்துக்குள் (இரத்தக் குழாய்க்குள்) செருகி வைக்கும் மெல்லிய குழாய், ஏற்ற வேண்டும். காய்ச்சலில் நீர் குறைந்து வாடிய உடம்பில் நாளம் லேசில் பிடிபடாது. ஒரு குத்து, இன்னொரு குத்து, பிறகு மற்றக் கை. பக்கத்தில் நிற்கும் தாய்க்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கவே முடியாது. அதனால்தான் கோடாலித் தைலமும் லவெண்டர் எண்ணெயும் கட்டிலடிக்கு வருகின்றன. "கொஞ்சம் பூசினால் நோகாது, நரம்பும் எழும்பும்" என்பார்கள்.

வலியைக் குறைப்பது ஒரு வேலை, நாளத்தை எழுப்பி முதல் குத்திலேயே ஏற்றுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் எந்த வழி நல்லது என்று சொல்லவே முடியாது.

முதலில் தைலம். அதில் மெந்தோல், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சலிசிலேட், கற்பூரம் எல்லாம் இருக்கின்றன. மெந்தோல் தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டும். அந்தக் குளிர்ச்சியில் வலி கொஞ்சம் மங்கியது போல் இருக்கும். மெத்தில் சலிசிலேட் பூசிய இடம் சிவக்கும். சிவந்ததைக் கண்டு நாளம் எழும்பிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் விரிந்தவை தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள். கனுலா ஏற வேண்டிய நாளம் அதற்குக் கீழே முன்பிருந்தபடியே கிடக்கும்.

லவெண்டரின் கதை கொஞ்சம் வேறு. ஈரானிலும் துருக்கியிலும் ஊசிக்கு முன் அதை முகரக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். வலியும் பதற்றமும் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்தான். அதோடு, வாசனையுள்ள ஒன்றை யாருக்குக் கொடுத்தோம் என்று மறைத்துவைத்துச் சோதிப்பது கடினம். இருந்தாலும், பயந்து நடுங்கும் ஒருவருக்குக் கைலேஞ்சியில் ஒரு துளி விட்டுக் கொடுப்பதில் தவறில்லை. பக்கத்துக் கட்டிலில் இழுப்பு வருத்தக்காரர் இருந்தால் அதுவும் வேண்டாம்.

குத்தும் இடத்தில் பூசுவதைத்தான் நான் முற்றாக எதிர்க்கிறேன். எண்ணெய் படிந்த தோலில் ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், மினுமினுப்பு அப்படியே இருக்கும். கிருமிநீக்கி தோலில் சரியாகப் படாது. அடுத்து பிளாஸ்டர்: ஒட்டியது போலத் தெரியும், கொஞ்ச நேரத்தில் ஓரம் சுருண்டு எழும்பும், கனுலா ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் நாளம் புண்படும், கிருமியும் உள்ளே போகும், கடைசியில் கழற்றிவிட்டு இன்னொரு குத்து. எந்தக் குத்தைத் தவிர்க்க நினைத்தோமோ அதுதான் திரும்ப வருகிறது! கைக்குழந்தைக்குக் கற்பூரமும் மெந்தோலும் ஆபத்து, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நாளத்தை எழுப்ப ஒத்தடத்துக்கு நிகர் இல்லை. 2002இல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்றில், 52 பாகை வரை சூடாகும் உறையைக் கையில் 15 நிமிடம் போட்டுவிட்டுக் கனுலா ஏற்றினார்கள். முதல் முயற்சி தவறியது 6 வீதம். அதே உறையைச் சூடாக்காமல் போட்டவர்களில் 28 வீதம். ஏற்ற எடுத்த நேரமும் 62 நொடியிலிருந்து 36 ஆகக் குறைந்தது. அதன் இன்னொரு பகுதியில், மருந்து ஏற்றி ஏற்றி நாளம் களைத்துப்போன இரத்தப் புற்றுநோயாளர்களுக்கும் சூடு கைகொடுத்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கீமோவுக்குப் போய்வரும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அந்த 52 பாகையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், அது கட்டுப்படுத்திய கருவி. சுடுதண்ணீரில் துவாயை நனைத்துப் பிழிந்து, உங்கள் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் போதும். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, விரலை மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். சீனி வருத்தத்தில் கை மரத்துப்போனவருக்குச் சுடுவதே தெரியாது, கவனம்.

மரப்புக் களிம்பு வலிக்கு நல்லது. லிக்னோகெயின், பிரிலோகெயின் என்ற இரண்டு மரப்பு மருந்துகள், ஒவ்வொன்றும் 2.5 வீதம் சேர்ந்தது. தடித்துப் பூசி, மூடி ஒட்டி, ஒரு மணித்தியாலம் விட வேண்டும். அவசரத்துக்கு உதவாது. நாள் குறித்துப் போகும் சிகிச்சைக்கும், ஊசி என்றாலே அலறும் பிள்ளைக்கும் அருமை. ஒரு குறை: தோல் வெளிறி, நாளம் சில வேளை சுருங்கும். களிம்பைத் துடைத்தபின் கொஞ்சம் பொறுத்துக் குத்தினால் அது சரியாகும். குழந்தைக்கு அளவு மீறினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனே கெடலாம், அதனால் டொக்டரைக் கேட்காமல் பூசக் கூடாது. குளிர் ஸ்பிரே சில நொடிகளில் மரக்க வைக்கும், ஆனால் நாளத்தை எழுப்பாது.

ஆக, பெரியவருக்கு ஒத்தடம், நேரமிருந்தால் பிள்ளைக்குக் களிம்பு. கூடவே தாயின் மடியும் போனில் ஒரு கார்ட்டூனும். கவனத்தைத் திருப்புவது பிள்ளைகளின் ஊசி வலியைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. லவெண்டர் மூக்கோடு நிற்கட்டும்.

அம்மம்மா ஏற்கெனவே தைலம் தேய்த்துவிட்டாரா? மிஸ்ஸி (தாதி) வருமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். போனமுறை எந்தக் கையில் லேசாக ஏறியது என்று சொல்லுங்கள். டயாலிசிஸுக்கு பிஸ்டுலா (நாளத்தையும் நாடியையும் இணைத்துச் செய்த வழி) வைத்த கையென்றால் அதில் குத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.